குவாங் நாம்: வரைபடத்தில் இல்லாத மாகாணத்தை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

வியட்நாம் போயிட்டு வந்த நண்பர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்க. நாலு படம் கண்டிப்பா இருக்கும். மஞ்சள் சுவரும் பட்டு விளக்குகளும் உள்ள ஒரு பழைய ஊர். காட்டுக்கு நடுவே சிதைந்து நிற்கும் செங்கல் கோயில், ‘வியட்நாம்ல நம்ம சிவன்!’ என்ற குறிப்போடு. தென்னை மாதிரி ஏதோ ஒரு தோப்புக்குள் கூடைப் படகில் ஒரு சுற்று. கடைசியா பீச்சில் இளநீர்.

முதல் படம் ஹொய் ஆன். இரண்டாவது மீ சன். மூன்றாவது காம் தான். நான்காவது பெரும்பாலும் குவா டாய் அல்லது ஆன் பாங் கடற்கரை. டூர் ஆபரேட்டர்கள் இவற்றை நாலு தனித்தனி பாக்கேஜா விற்கிறார்கள். அரை நாள் இது, அரை நாள் அது. ஆனால், இந்த நாலும் ஒரே ஆறு பெற்ற பிள்ளைகள். அந்த ஆற்றின் பெயர் து போன். அதைப் புரிஞ்சுக்கிட்டு போனால் பயணமே வேற மாதிரி இருக்கும். அந்த ஆறு இப்போது சிக்கலில் இருப்பதும் கண்ணில் படும்.

மாகாணம் எங்கே போச்சு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பழைய பயணக் குறிப்புகளில் எல்லாம் ‘குவாங் நாம் மாகாணம்’ என்று இருக்கும். இன்றைய வரைபடத்தில் தேடினால் அப்படி ஒரு மாகாணம் இல்லை. 2025 ஜூலை 1 முதல் வியட்நாம் தன் 63 மாகாணங்களையும் மாநகரங்களையும் 34-ஆகக் குறைத்தது. அந்த இணைப்பில் குவாங் நாம் முழுவதும் பக்கத்தில் உள்ள டா நாங் மாநகரத்தோடு சேர்ந்துவிட்டது. ஹொய் ஆன்கூட இப்போது தனி நகரம் இல்லை, டா நாங்குக்குள் சில வார்டுகள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இது முதல் தடவை அல்ல. ஏற்கெனவே ‘குவாங் நாம் – டா நாங்’ என்று ஒன்றாக இருந்து 1997-இல் பிரிந்தவைதான் இரண்டும். பெயர் மட்டும் பழையது. 1471-இல் வடக்கே இருந்த வியட்நாமிய அரசர் லே தான் தோங், தெற்கே சம்பா அரசின் தலைநகரான விஜயாவை வீழ்த்தினார். அதே ஆண்டில் தன் ஆட்சிக்குள் வந்த இந்தப் பகுதிக்கு வைத்த பெயர் குவாங் நாம். ‘தெற்கே விரிதல்’ என்று பொருள். அதாவது, மாகாணத்தின் பெயரே ஒரு வெற்றி அறிவிப்பு. தோற்றவர்கள் கட்டியவைதான் இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் கோயில்கள்.

ஒரே ஆறு, நாலு ஊர்

து போன் ஆறு நொக் லின் என்ற உயரமான மலைப் பகுதியில் பிறக்கிறது. அந்தச் சிகரத்தின் உயரம் 2,598 மீட்டர். வூ சியா என்ற இன்னொரு ஆற்றோடு சேர்த்துக் கணக்கிட்டால் இதன் வடிநிலம் 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். மலையிலிருந்து கடலுக்கு வரும் தூரமோ குறைவு. அதனால் மழைக்காலத்தில் தண்ணீர் வேகமாக வந்து சேரும். இது பின்னால் முக்கியம்.

சம்பா அரசர்கள் இந்த ஆற்றை ஒரு கோடு மாதிரி பயன்படுத்தினார்கள். மலையடிவாரத்தில் சாமி: மீ சன். நடுவில் அரண்மனை: இன்று சா கியூ எனப்படும் சிம்மபுரம். முகத்துவாரத்தில் துறைமுகம்: ஹொய் ஆன் பகுதி. எதிரே கடலில் கப்பல்கள் தண்ணீர் பிடிக்கவும் ஒதுங்கவும் தீவுகள்: கு லாவ் சாம். மலையிலிருந்து வரும் அகிற்கட்டை படகில் இறங்கும், கடல்வழி வரும் பொருள்கள் மேலே ஏறும்.

சம்பா என்றதும் நெல் ஞாபகம் வருதா? சீனாவுக்கும் அதே ஞாபகம்தான். வறட்சியைத் தாங்கி, சீக்கிரம் விளையும் சம்பா நெல்லை 1012-இல் சோங் பேரரசர் தன் நாட்டு உழவர்களுக்கு விதையாகக் கொடுக்கச் சொன்னார்.

மீ சன்: போறதுக்கு முன்னாடி மியூசியம்

ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘மை சன்’ என்று படித்துவிடாதீர்கள். உச்சரிப்பு மீ சன். அழகிய மலை என்று அர்த்தம். மலைகள் சூழ்ந்த சின்னப் பள்ளத்தாக்கு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் என்ற அரசர் இங்கே சிவனுக்குக் கோயில் எழுப்பினார். சாமிக்குப் பெயர் பத்ரேஸ்வரர். அரசன் தன் பெயரையே இறைவனுக்குச் சூட்டும் வழக்கம் நமக்குப் புதுசா என்ன? தஞ்சைப் பெரிய கோயிலின் பெயர் ராஜராஜேஸ்வரம். ஆனால், பத்ரவர்மன் அதற்கு 600 ஆண்டுகள் முந்தியவர்.

முதல் கோயில் மரத்தாலானது, எரிந்துபோனது. 7-ஆம் நூற்றாண்டில் சம்புவர்மன் செங்கல்லால் திரும்பக் கட்டினார். பிறகு 13-ஆம் நூற்றாண்டு வரை அரசர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். 70-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி பார்மாந்தியே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வரிசையில் பெயர் வைத்தார். அதனால்தான் இவ்வளவு பழைய கோயில்களை இன்றும் ‘பி5’, ‘ஏ1’ என்று அடுக்குமாடி வீட்டு எண் மாதிரி கூப்பிடுகிறார்கள்.

அவற்றில் பெரியது ஏ1. நீங்கள் அதைப் பார்க்க முடியாது. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் பி-52 விமானங்கள் போட்ட குண்டில் அது போய்விட்டது. வடக்கு வியட்நாம் ஆதரவுப் படைகள் இந்தப் பள்ளத்தாக்கைப் பயன்படுத்தியதுதான் காரணம். சம்பா கலையில் வல்லுநரான ஃபிலிப் ஸ்டெர்ன், அதிபர் நிக்சனுக்கே கடிதம் எழுதி முறையிட்டார். ஆயிரம் ஆண்டு நின்ற கோபுரம் இருந்த இடத்தில் இன்று இருப்பது செங்கல் மேடு. கோயில்களுக்கு இடையே நடக்கும்போது புல் மூடிய வட்டப் பள்ளங்கள் தெரியும். குளம் என்று நினைத்துவிடாதீர்கள், குண்டு விழுந்த இடங்கள் அவை.

போர் முடிந்த பிறகு கண்ணிவெடிகளை அகற்றி, இடிபாடுகளை நிமிர்த்தும் வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் போலந்து கட்டடக் கலைஞர் காசிமியர்ஸ் க்வியாட்கோவ்ஸ்கி. உள்ளூரில் ‘காசிக்’. 1980-களின் தொடக்கத்தில் வந்தவர், 1997-இல் ஹுவே நகரில் இறக்கும்வரை இந்த வேலையை விடவில்லை. ஹொய் ஆன் பழைய நகரத்தில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. செல்ஃபி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்தியத் தொல்லியல் துறையும் 2017 முதல் 2022 வரை ஏ, எச், கே தொகுதிகளில் வேலை செய்தது. 2020-இல் ஏ தொகுதியில் மண்ணை அகற்றும்போது 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஒரே மணற்கல்லில் செதுக்கிய லிங்கம் வெளிப்பட்டது. நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய படம் அதுதான்.

செங்கற்களைக் கிட்டப் போய்ப் பாருங்க. இடையில் சாந்து தெரியாது, கோடு போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். எப்படி ஒட்டினார்கள் என்பதில் மரப்பிசின் என்பது உட்படப் பல கருத்துகள். வேடிக்கை என்னவென்றால், பழைய செங்கல் சிவப்பாகவே நிற்கிறது, சில இடங்களில் பழுதுபார்த்த புதுச் செங்கல்தான் பாசியும் உப்பும் பூத்துப் போகிறது.

ஒரு யோசனை: மீ சன்னுக்கு முன் டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். 1919-இல் திறக்கப்பட்டது. கோயில்களில் இருந்த நல்ல சிற்பங்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் மீ சன் போகிறவர்கள், ‘வெறும் செங்கல்தானே’ என்று திரும்பி வருவதில் ஆச்சரியம் இல்லை. நடனப் பெண்கள் செதுக்கிய சா கியூ பீடத்துக்கு மட்டும் அரை மணி நேரம் தரலாம்.

‘சாம் மக்கள் தமிழர்களா?’

இந்தக் கேள்வி இல்லாமல் எந்த வியட்நாம் வீடியோவும் யூடியூபில் முடிவதில்லை. சுருக்கமாகச் சொன்னால், இல்லை. சாம் மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உறவினர் மலாயும் சுமத்ராவின் அச்சே மொழியும்தான். இந்தியாவிலிருந்து போனது எழுத்து, சமஸ்கிருதம், சைவம், அரசர்களின் ‘வர்மன்’ பட்டம். எழுத்து வடிவத்தில் தென்னிந்தியச் சாயல் தெளிவாகவே உண்டு. கப்பலில் வணிகர்களும் அந்தணர்களும் போயிருக்கிறார்கள், அதுவும் சரி. அதற்காக ஆண்ட மக்களையே நம்மவர்களாக மாற்ற வேண்டியதில்லை.

சொல்லப்போனால் அவர்களுடைய சாதனையே பெரிசு. சா கியூவுக்குப் பக்கத்தில் கிடைத்த தோங் யென் சாவ் கல்வெட்டு 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. சாம் மொழியில் கிடைத்த மிகப் பழைய எழுத்து அதுதான். மலாய் மொழியின் முதல் கல்வெட்டுகளே அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான் வருகின்றன. அதில் இருப்பது ஒரு நாகத்தை மதிக்கச் சொல்லும் அறிவிப்பு. கேலி செய்தால் நரகம் என்ற எச்சரிக்கையோடு!

சாம் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால், பெரும்பாலும் இந்த ஆற்றங்கரையில் இல்லை, தெற்கே பழைய நின் துவான், பின் துவான் மாகாணப் பகுதிகளிலும் மீகாங் டெல்டாவிலும். ஒரு பகுதியினர் இந்து மரபுகளையும், இன்னொரு பகுதியினர் இஸ்லாத்தையும் பின்பற்றுகிறார்கள். மீ சன்னில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சாம் நடனம் ஆடுகிறார்கள். பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஹொய் ஆன்: ஆறு கைவிட்டதால் பிழைத்த ஊர்

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நுயென் பிரபுக்கள் ஆட்சியில் ஹொய் ஆன் பெரிய சந்தையானது. ஜப்பானியர், சீனர், போர்த்துகீசியர், டச்சுக்காரர் எல்லாரும் வந்தார்கள். வடகிழக்குக் காற்றில் வந்தால் தென்மேற்குக் காற்று வரும்வரை காத்திருக்கணும். மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்ததால்தான் வீடும் குடும்பமும் கோயிலும் சங்கக் கட்டடமும் உருவாயின. ஃபூஜியன்காரர்களுக்கு ஒரு சபை மண்டபம், கேன்டன்காரர்களுக்கு ஒன்று. 1630-களில் ஜப்பான் தன் மக்கள் வெளிநாடு போவதைத் தடை செய்தது. அவர்கள் விட்டுப்போன அடையாளம் கூரை போட்ட பாலம். 20,000 டாங் நோட்டில் இருப்பது அதுதான். பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு 2024 ஆகஸ்டில் திரும்பத் திறக்கப்பட்டது.

வியட்நாமில் எல்லாப் பெயர்ப் பலகையும் லத்தீன் எழுத்தில் இருக்கிறதே, அந்தக் கதையும் இந்த ஆற்றங்கரையில்தான் தொடங்குகிறது. ஹொய் ஆனுக்குப் பக்கத்து ஊரான தான் சியெமில் தங்கியிருந்த போர்த்துகீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ டி பினா, வியட்நாமிய மொழியைச் சரளமாகப் பேசிய முதல் ஐரோப்பியர். அதை லத்தீன் எழுத்தில் எழுதிப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். 1625-இல் ஹொய் ஆன் கடலில் மூழ்கி இறந்தார்.

அப்புறம் ஆறு வண்டலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. முகத்துவாரம் தூர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் ஊர் அடிபட்டது. பெரிய கப்பல்கள் வர முடியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் டா நாங்கைத் துறைமுகமாக்கிக்கொண்டார்கள். ஹொய் ஆனில் பணம் இல்லை. பணம் இல்லாததால் யாரும் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டவில்லை. அந்த வறுமைதான் 1999-இல் யுனெஸ்கோ பட்டியலாகத் திரும்பி வந்தது. அதே ஆண்டு மீ சன்னும் பட்டியலில் சேர்ந்தது.

பழைய வணிகர் வீடு ஒன்றுக்குள்ளாவது போங்க. தான் கீ வீடு பலருக்கும் தெரிந்தது. தெருப்பக்கம் கடை, பின்பக்கம் ஆறு. மாடித் தளத்தில் திறக்கிற மாதிரி ஒரு கதவு இருக்கும். வெள்ளம் வந்தால் சரக்கைக் கயிறு கட்டி மேலே இழுக்க. சுவரில் ஒவ்வொரு ஆண்டின் வெள்ள மட்டமும் குறித்திருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் கோடு நம் தலைக்கு மேலே.

மணல் எங்கே?

இப்போதுதான் விஷயம் தலைகீழாகிறது. ஒரு காலத்தில் அளவுக்கு மீறி வண்டல் கொண்டுவந்து துறைமுகத்தைத் தூர்த்த ஆறு, இன்று கடற்கரைக்குப் போதுமான மணலைக் கொண்டுவருவதில்லை.

குவா டாய் கடற்கரையை 2000-களின் படங்களில் பார்த்தால் அகலமான வெள்ளை மணல். 2014-ஐ ஒட்டி அரிப்பு தீவிரமானது. விடுதிகளின் வேலியும் நடைபாதையும் கடலுக்குள் சரிந்தன. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மணல் மூட்டைகள், கான்கிரீட் தடுப்பு, கடலுக்குள் அலைதடுப்புச் சுவர், வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து நிரப்புவது என்று எல்லாம் நடந்தன. சில இடங்களில் மணல் திரும்பியிருக்கிறது. ஆனால், ஒரு பக்கம் தடுத்தால் வடக்கே அடுத்த கடற்கரையை அலை தின்கிறது.

காரணம் ஒன்றல்ல. மேலே மலையில் வரிசையாக நீர்மின் அணைகள், வண்டல் அங்கேயே தங்கிவிடுகிறது. கீழே கட்டுமானத்துக்காக ஆற்று மணல் அள்ளுவது. கரையோரத்திலேயே விடுதிகளைக் கட்டியது. முகத்துவாரமே இடம் மாறிக்கொண்டிருப்பது. காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளம் மட்டும் குறையவில்லை. 2025 அக்டோபர் கடைசியில் ஹுவேயிலும் ஹொய் ஆனிலும் வரலாறு காணாத மழை. பழைய நகரத்தின் தெருக்களில் படகு ஓடியது. ஊர்க்காரர்களுக்குப் பழக்கம்தான், அந்த மாடிக் கதவு இருக்கே. ஆனால், மரத்தூண்களும் ஓட்டுக் கூரையும் உள்ள வீடுகளுக்கு ஒவ்வொரு வெள்ளமும் ஒரு பழுதுச் செலவு. நாம் வாங்கும் நுழைவுச்சீட்டுப் பணத்தின் ஒரு பகுதி இந்தப் பராமரிப்புக்குத்தான் போகிறது. ‘தெருவுல நடக்கறதுக்கு எதுக்கு டிக்கெட்?’ என்று கேட்பதற்கு முன் இதை யோசிக்கலாம். சமீப ஆண்டுகளில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் 1,20,000 டாங், நம்ம பணத்தில் ஏறக்குறைய 400 ரூபாய். மீ சன்னுக்கு 1,50,000 டாங்.

கடலுக்குள் போனால்

கு லாவ் சாம் எட்டுத் தீவுகள். 2009-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. அதே ஆண்டிலிருந்தே தீவுக்குள் பிளாஸ்டிக் பைக்குத் தடை. படகுத்துறையிலேயே பையைப் பார்க்கிறார்கள். மலையில் வாழும் ஒருவகை நண்டை அளவு பார்த்து, முத்திரை ஒட்டித்தான் விற்க முடியும். முத்திரை இல்லாத நண்டைத் தட்டில் வைத்தால் வேண்டாம்னு சொல்லிடுங்க. 1990-களில் இந்தத் தீவுகளுக்கு அப்பால் மூழ்கிக் கிடந்த 15-ஆம் நூற்றாண்டுக் கப்பலிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியப் பீங்கான்கள் எடுக்கப்பட்டன. பெரும்பகுதி ஏலத்தில் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை, கண்டிப்பா. 2022 பிப்ரவரியில் தீவிலிருந்து திரும்பிய சுற்றுலாப் படகு குவா டாய் அருகே கவிழ்ந்து 17 பேர் இறந்தார்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் படகை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டாலும் அலை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் போகாதீங்க. உயிர்காப்பு அங்கியைப் படத்துக்காக மட்டும் போடாமல் கரை இறங்கும்வரை போட்டிருங்கள்.

காம் தானில் பார்ப்பது தென்னை அல்ல, உப்பங்கழியில் வளரும் நீப்பா பனை. கரையைக் காக்கும் காடு அது. கூடைப் படகைச் சுழற்றி, ஸ்பீக்கரில் பாட்டுப் போடும் இடமாக அதை மாற்றியிருப்பது என் கண்ணுக்கு அழகாக இல்லை. விடியற்காலையில் போனால் அமைதியாக இருக்கும். மீனவர்களே துடுப்பு போடுவார்கள்.

சரி, எப்போ போறது? எப்படி?

பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை நல்லது. மே, ஜூனுக்குப் பிறகு வெயில் நம்ம வேலூர் மாதிரி. செப்டம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் வரை மழை. அக்டோபர், நவம்பரில் டிக்கெட் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கு.

இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை. விமானம் டா நாங்குக்கு. அங்கிருந்து ஹொய் ஆன் சுமார் 30 கிலோமீட்டர். ஹொய் ஆனிலிருந்து மீ சன் சுமார் 40 கிலோமீட்டர். காலை ஆறு, ஆறரைக்கே அங்கே இருந்தால் கூட்டமும் வெயிலும் வருவதற்குள் பார்த்துவிடலாம். போகும் வழியில்தான் சா கியூ. குன்றின் மேல் ஒரு தேவாலயம், அங்கிருந்து பார்த்தால் பழைய தலைநகரம் இருந்த வயல்வெளி. பெரிதாக எதுவும் மிச்சமில்லை, பத்து நிமிடம் போதும்.

மூணு முழு நாள் இருந்தால் இப்படி: முதல் நாள் அருங்காட்சியகம், மாலையில் ஹொய் ஆன். இரண்டாம் நாள் மீ சன், திரும்பும்போது ஒரு பகுதியாவது ஆற்றில் படகு. மூன்றாம் நாள் கடல். நிலா நாள்காட்டியின் 14-ஆம் நாள் இரவில் பழைய நகரத்தில் மின்விளக்குகளை அணைத்து விளக்குக் கூடுகளை மட்டும் ஏற்றுவார்கள். பௌர்ணமிக்கு முந்தின நாளாகப் பார்த்துத் திட்டமிட்டால் கிடைக்கும். கூட்டமும் சேர்ந்தே கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘சாய்’. டீ இல்லை, சைவம். கடைப் பலகையில் அது இருந்தால் தைரியமாக உட்காரலாம். மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் இருக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஹொய் ஆனுக்கே உரிய காவ் லாவ் நூடுல்ஸை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, மஞ்சள் நிறத்தில் கொஞ்சம் குழம்பும் மேலே வேர்க்கடலையும் அரிசி அப்பளமுமாக வரும். அதன் பெயர் மீ குவாங். குவாங் நாட்டு நூடுல்ஸ் என்று அர்த்தம். மாகாணம் போய்விட்டாலும் அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை.